ஆயிரம் தாண்டட்டும்

முன் டயரின் வரிப்பள்ளத்தில் எலுமிச்சம்பழ விதை ஒன்று இன்னும் சிக்கிக்கொண்டிருந்தது. ஆயுதபூஜையன்று ஷோரூம் வாசலில் நசுக்கிய பழம். அதற்குப் பிறகு 186 கிலோமீட்டர் ஓடியும் விழவில்லை. என் மைத்துனன் கைபேசி வெளிச்சத்தில் அதைக் காட்டி, "எடுத்துடட்டுமா மாமா?" என்றான். அதிகாலை நாலேகால், மடிப்பாக்கம். நான்கு டயருக்கும் காற்று அளந்து, கண்ணாடிகளைத் துடைத்து, பின்கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டான். பாக்கி இருந்தது அந்த விதைதான். "சாமி சமாச்சாரம், விடு" என்றேன்.

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை. கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். மலை பார்க்கத்தான் போகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. வண்டிப் பைத்தியங்கள் மூன்று பேர், ஆளுக்கொரு வண்டி, எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மைத்துனன் புதிதாக எடுத்த ஸ்கோடா கைலாக்கை மற்ற இருவரும் ஏற வைத்து, இறக்க வைத்து, கூறுபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நடுவர் தேவையாம். "உங்களுக்குத்தான் காரைப் பத்தி எந்த அபிப்பிராயமும் கிடையாதே மாமா, நீங்க வாங்க" என்றான். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தான். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இன்ஜினை யாரும் கசக்கக் கூடாது. புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல உள்ளே பிஸ்டனும் வளையங்களும் ஒன்றுக்கொன்று பழக வேண்டுமாம். டாக்கோமீட்டர் முள் மூவாயிரத்தைத் தொட்டாலே அவன் முகம் சுருங்கியது. "ஆயிரம் தாண்டட்டும், அப்புறம் பாருங்க" என்பதை அன்று மட்டும் நான் ஐந்தாறு தடவை கேட்டிருப்பேன். சீறும் என்று பெயர் வாங்கிய இன்ஜினைச் சீறவிடாமல் சோதிக்க முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகும் கூட்டத்தில் நடுவராக இருப்பது கொஞ்சம் சங்கடமான வேலை.

பெருங்களத்தூரில் எகோஸ்போர்ட் அண்ணன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். மைத்துனனுக்கு ஒரு காலத்தில் அலுவலகத்தில் மேலதிகாரி. இப்போது வண்டி விஷயத்தில் குரு. 2014இல் வாங்கிய டீசல் ஃபோர்டு எகோஸ்போர்ட், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது, செந்நிறம். போனிலேயே பேசிக்கொண்டு வந்தார்; அவர் குரல் எங்கள் வண்டியின் ஸ்பீக்கர்களில் அசரீரிபோல ஒலித்தது.

மறைமலைநகர் வந்ததும் அசரீரி நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஃபோர்டு ஆலை இருக்கும் இடத்தைத் தாண்டும்போது அண்ணன் வேகத்தைக் குறைத்து, கோயில் வாசலைக் கடப்பவர்போல லேசாக ஒரு ஹாரன் கொடுத்தார். எப்போதும் செய்வாராம். அவர் வண்டி பிறந்த இடம் அது. 2013 ஜூனில் எகோஸ்போர்ட் விற்பனைக்கு வந்தபோது, ஜீப்பும் இல்லாமல் காரும் இல்லாமல் ஒரு வண்டி என்று ஊரே திரும்பிப் பார்த்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு நடுவில் மறைமலைநகரில் வேலை ஓய்ந்தது. இன்று தெருவுக்குத் தெரு நிற்கும் குட்டி கிராஸ்ஓவர்களுக்கெல்லாம் பாதை போட்டுக் கொடுத்த வண்டி, தன் ஊரிலேயே உற்பத்தி நின்று போனது. அண்ணனைப் போன்றவர்கள் அதைக் குடும்பத்தில் நேர்ந்த இழப்பாகவே பேசுகிறார்கள்.

செங்கல்பட்டு தாண்டியதும் பேச்சு வரிக்கு வந்தது. ஜிஎஸ்டி சாலையில் போய்க்கொண்டே ஜிஎஸ்டி பற்றிப் பேசுகிறோம் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. மைத்துனன் ஆகஸ்டிலேயே பணத்தைத் தயார் செய்துவிட்டான். வரி குறையப் போகிறது என்று அறிவிப்பு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 28 சதவீதமும் அதன் மேல் ஒரு செஸ்ஸுமாக இருந்தது 18 சதவீதம் ஆனது. பெரிய கார்களுக்கு 40.

எது சிறிய கார் என்பதற்கான கோடு இன்று நேற்றுப் போட்டதல்ல. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் போட்டது: நீளம் நான்கு மீட்டருக்கு மிகக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி. அதற்குள் அடங்கினால் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16. அன்றிலிருந்து இந்தியாவில் காரை வடிவமைப்பவர் முதலில் எடுப்பது பென்சிலை அல்ல, டேப்பை. டாடா தன் இண்டிகோவின் வாலை வெட்டி நான்கு மீட்டருக்குள் அடக்கியது. எகோஸ்போர்ட், மாருதியின் ஃபிராங்க்ஸ், இந்தக் கைலாக் மூன்றையும் அளந்தால் நான்கு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர்தான் குறையும். கைலாக் 3,995. இதற்கு அண்ணனான குஷாக்கின் இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 2,651 மில்லிமீட்டர், கைலாக்கில் 2,566. எண்பத்தைந்து மில்லிமீட்டரைக் கத்தரித்து, செக் நாட்டு நிறுவனம் ஒன்று புனே பக்கத்தில் சாக்கனில் நம் வரிச்சட்டத்தின் அளவுக்குத் தைத்த சட்டை இது.

"பட்ஜெட் வெட்டின வால்" என்றது அசரீரி. "முன்னாடி பாரு, கம்பீரமா இருக்கும். பக்கவாட்டுல பாரு, யாரோ கதவைச் சாத்தும்போது வால் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்."

"உங்க வண்டியும்தான் நாலு மீட்டருக்குள்ள."

"என் வண்டிக்கு வாலே முதுகுலதான்டா இருக்கு." பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைச் சொல்கிறார். பத்து வருடமாகச் சொல்லிவரும் பதிலாக இருக்க வேண்டும். அத்தனை சரளமாக வந்தது.

திண்டிவனம், விழுப்புரம். வழியெல்லாம் கும்பகோணம் டிகிரி காபி போர்டுகள்; கும்பகோணமோ இந்தச் சாலையிலேயே கிடையாது. உளுந்தூர்பேட்டையில் இட்லி. கள்ளக்குறிச்சி வழியாக ஆத்தூர். நாலுவழிச் சாலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு இருந்தது. தொண்ணூறில் போகும்போது ஸ்டீயரிங் கல்லுமாதிரி நிற்கிறது என்றான் மைத்துனன். அது அவர்கள் அகராதியில் புகழ்ச்சி. சாலை இணைப்புகளில் தடக் தடக் என்று கேட்பதை நான் குறிப்பிட்டேன். அது "யூரோப்பியன் சஸ்பென்ஷன்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வேறு வண்டியில் கேட்டிருந்தால் அதற்குப் பெயர் தூக்கிப் போடுகிறது என்பதாக இருக்கும்.

ஆத்தூர் புறவழிச்சாலை முனையில் டாக்டர் காத்திருந்தார். சேலத்தில் பல் மருத்துவர், ஐம்பதை நெருங்குபவர், வெள்ளை ஃபிராங்க்ஸ். மற்ற இருவருக்கும் அக்கா. ஏற்காட்டு வளைவுகளில் கார் பழகியவர் என்றும், வாரம் ஒரு முறையாவது மலை ஏறாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்றும் மைத்துனன் சொல்லியிருந்தான். இறங்கி வந்தவர் புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்வதுபோல பானெட்டைத் திறக்கச் சொன்னார். கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் காதால் வாங்கினார். டொப் என்றது. நம்மூரில் காரின் தரத்துக்கு இதுதான் முதல் பரீட்சை. தட்டினால் தகர டப்பா சத்தம் வந்தால் கதை அங்கேயே முடிந்தது.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பின்னாடி மூணு பேரு உட்கார்ந்தா?"

"நாங்க வீட்ல நாலு பேருதான்க்கா."

"உங்க அம்மா ஊருக்கு வரும்போது?"

மைத்துனன் பதில் சொல்லவில்லை. அது என் மாமியார் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நானும் சொல்லவில்லை.

ஆத்தூரில் நெடுஞ்சாலையை விட்டு மல்லியகரை, மெட்டாலா, நாமகிரிப்பேட்டை வழியாக ராசிபுரம் பிடித்தோம். மஞ்சளும் மரவள்ளியுமாக இரண்டு பக்கமும் பச்சை. இந்தச் சாலையில்தான் எனக்குக் கிராஸ்ஓவர் என்றால் என்ன என்று விளங்கியது. அகராதிப்படி அது காரின் உடம்பைக் கொஞ்சம் உயர்த்தி, எஸ்யூவியின் தோரணை கொடுத்தது. ஃபிராங்க்ஸுக்கு அடியில் இருப்பது பலேனோ. அதை மாருதி மறைக்கவும் இல்லை. கைலாக்கின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் 189 மில்லிமீட்டர், ஃபிராங்க்ஸுக்கு 190. இந்த உயரம் காட்டுக்கும் ஆற்றுக்கும் போவதற்காக என்று விளம்பரம் காட்டும். உண்மையில் அது நம் ஊர்களின் வேகத்தடைகளுக்காக. ஊர் தொடங்கும் இடத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்கு மட்டுமாக ஒன்று. எந்த அளவிலும் அடங்காமல் கூம்பாகப் போட்டு வைத்திருப்பார்கள். தாழ்ந்த செடான் கார் வைத்திருப்பவர் ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடிப்பார். நாங்கள் மூன்று வண்டியும் சிரமமில்லாமல் ஏறி இறங்கினோம். ஒரு நாடே செடானிலிருந்து கிராஸ்ஓவருக்கு மாறியதற்கு மல்லியகரை சாலையே போதுமான விளக்கம்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி. மலை எதிரே சுவர்போல எழுந்து நின்றது. இங்கே நிறுத்தி, ஏசியை அணைப்பதா வேண்டாமா என்று கால் மணி நேரம் விவாதித்தார்கள். முதல் வளைவில் 1/70 என்று பலகை. வளைவுக்கு வளைவு இந்த எண் உண்டு. எழுபது வரை எண்ணத் தெரிந்த எவரும் இந்த மலையில் தொலைந்துபோக முடியாது.

மைத்துனனுக்குப் பக்கத்தில் நான். முதல் நான்கைந்து வளைவுகள் ஒழுங்காக ஏறின. ஏழாவதோ எட்டாவதோ, எதிரே ஒரு பேருந்து இறங்கி வந்ததால் வேகம் குறைந்தது. இரண்டாம் கியர். வளைவின் உட்பக்கம் செங்குத்து. ஆக்சிலேட்டரை அழுத்தினான், வண்டி யோசித்தது. ஒரு நொடி, ஒன்றரை நொடி. நான் கைப்பிடியைப் பிடித்தேன். பிறகு திடீரென்று யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோலப் பாய்ந்தது.

"லேக்" என்றது ஸ்பீக்கர். பின்னால் வந்த அண்ணன் எங்கள் வண்டியின் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கு அவர்கள் விளக்கியதை நான் புரிந்துகொண்டது இவ்வளவு. கைலாக்கின் இன்ஜின் 999 சிசி, மூன்றே சிலிண்டர். வரிக்கோட்டுக்குள் அடங்க வேண்டுமே. அதிலிருந்து 115 குதிரைச் சக்தி எடுப்பதற்கு டர்போ என்ற ஒரு சுழலி உதவுகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் அது சுற்றி, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும். புகை வேகமாக வெளியேற இன்ஜின் ஏற்கெனவே வேகமாகச் சுற்ற வேண்டும். முழு இழுவிசையான 178 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றுக்கு மேல்தான். ஆயிரத்து இருநூறில் நீங்கள் உதவி கேட்டால், சுழலி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. சமவெளியில் இது தெரியவே தெரியாது. கொண்டை ஊசியில் முதல் கியருக்கு இறங்கிச் சுற்றை உயர்த்தினால் தெரியாது. இறங்காவிட்டால் அந்த ஒன்றரை நொடியில் உங்களுக்கு மனைவி மக்கள் முகம் தெரியும்.

"முதல் கியர் போடு" என்றார் அண்ணன்.

"போட்டா மூவாயிரத்தைத் தாண்டும் அண்ணே."

"தாண்டட்டுமே."

"ஆயிரம் தாண்டட்டும்."

எந்த ஆயிரம் எதைத் தாண்டுவது என்று எனக்கே குழம்பிவிட்டது.

இருபதாவது வளைவுக்குப் பக்கத்தில் ஓர் அகலமான இடத்தில் நிறுத்தினார்கள். குரங்குகள் வந்தன. நான் எகோஸ்போர்ட்டுக்கு மாறினேன். டீசல் இன்ஜினின் கடகடப்பு காலடியில் அதிர்ந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் ஆங்காங்கே முனகின. ஆனால் அண்ணன் இரண்டாம் கியரிலேயே, அவசரமில்லாமல், வளைவு வளைவாக ஏறினார். கீழ்ச்சுற்றிலேயே இழுவை கிடைத்தது. வண்டி எதையும் யோசிக்கவில்லை. "இதுக்குப் பேருதான் டார்க்" என்றார். அவருடைய துக்கம் ஃபோர்டோடு முடிவதல்ல. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதிகள் வந்தபோது மாருதியும் ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் குழுமமும் இந்தியாவில் டீசல் கார்களை விட்டுவிட்டன. சின்ன டீசலைச் சுத்தப்படுத்தும் செலவு வண்டி விலையோடு ஒட்டவில்லை. இப்போது இவர்களிடம் மலையேறும் சின்ன வண்டி வேண்டும் என்றால் டர்போ பெட்ரோலோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான். "எங்க காலத்துல ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி குடிச்சோம். இப்ப அதுல கார் ஓட்டறாங்க."

முப்பத்தைந்தாவது வளைவில், பாதி மலையில், டாக்டர் கையை நீட்டினார். "சாவி குடு தம்பி. பத்து வளைவு." மைத்துனன் முகத்தில் ஓடிய உணர்ச்சியை, பெண்ணை முதல்முறை தனியாகக் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அனுப்பும் தகப்பன்களிடம்தான் பார்த்திருக்கிறேன். கொடுத்தான். தான் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைப் பின்சீட்டில் போட்டார்கள். ஃபிராங்க்ஸ் அங்கேயே குரங்குகளிடம் அடைக்கலமாக நின்றது.

டாக்டர் இருக்கையை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவுக்குச் சற்று முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, முதல் கியரைப் போட்டு, முள் நாலாயிரத்துக்குப் போகும்வரை விட்டார். வண்டி சுருண்டு திரும்பி மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு பக்கமாகச் சாயவில்லை. மூன்று சிலிண்டரின் உறுமல் முதல்முறையாக வண்டிக்குள் கேட்டது. முப்பத்தெட்டில் மைத்துனன் கண்களை மூடினான். நாற்பதில் திறந்தான். நாற்பத்திரண்டில் அவனையறியாமல் சிரித்தான். தன் காரைப் பற்றி அவன் அதுவரை சொன்னதெல்லாம் யாரோ சொல்லக் கேட்டது. இப்போதுதான் அவனே பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

நாற்பத்தைந்தில் நிறுத்தி இறங்கிய டாக்டரின் தீர்ப்புக்கு எல்லாரும் காத்திருந்தோம்.

"நல்லா திரும்புது. பிரேக்கைக் காலால உணர முடியுது. ஆனா ஓட்டறவங்களுக்கு எல்லாத்தையும் குடுத்துட்டு, பின்னாடி உட்காரறவங்களுக்குக் கணக்குப் பார்த்திருக்கான்."

"உங்க வண்டியில பின்னாடி தலை கூரையில இடிக்குதேக்கா."

"இடிக்குது. சரிவா இறக்கிட்டான். ஆனா என்னுது ஒரு டன்தான் எடை. அதே ஒரு லிட்டர் டர்போ, நூறு குதிரை, 147 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தா உன்னுது ஜெயிக்கும். ஆனா நீ இருநூறு கிலோவைக் கூடவே தூக்கிக்கிட்டு மலை ஏறறே."

"அந்த இருநூறு கிலோவுலதான் அஞ்சு ஸ்டார் இருக்கு" என்றான் மைத்துனன், பாரத் என்கேப் மோதல் சோதனையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. டாக்டர் மறுக்கவில்லை. நோயாளி பல் தேய்க்கிறேன் என்று சொல்லும்போது கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டார்.

கீழே நின்ற ஃபிராங்க்ஸை எடுத்து வந்த பிறகும் இந்த உரையாடல் எழுபதாவது வளைவு வரை நீண்டது. மேலே போயும் நிற்கவில்லை. பின் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இல்லை, டிரம்தான் என்பது பற்றி மட்டும் சோளக்காட்டு டீக்கடையில் இருபது நிமிடம். முன்சீட்டுக்குள்ளிருந்து காற்று ஊதும் வசதிக்குக் கொடுத்த காசில் பின்னால் டிஸ்க் போட்டிருக்கலாம் என்பது அண்ணன் கட்சி. வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஷோரூமில் பிரேக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை, சன்ரூஃபைத்தான் கேட்கிறார்கள் என்பது டாக்டர் கட்சி. நடுவர் என்ற முறையில் நான் டாக்டர் பக்கம் சாய்ந்தேன். நானே சன்ரூஃபைத்தான் முதலில் பார்த்தேன்.

டீக்கடைக்காரம்மா பலாச்சுளை நறுக்கிக்கொண்டே கேட்டார். "புது வண்டியா? என்ன பேரு?"

"கைலாக்."

"கைலாசமா?"

மைத்துனன் திருத்தப் போனான். திருத்தத் தேவையில்லை. ஸ்கோடா தன் பெட்ரோல், டீசல் எஸ்யூவிகளுக்கெல்லாம் கே-யில் தொடங்கிக் க்யூ-வில் முடியும் பெயர் வைக்கிறது: கோடியாக், கரோக், குஷாக். இதற்கு மக்களிடமே போட்டி வைத்துப் பெயர் கேட்டார்கள். தேர்வான கைலாக், சமஸ்கிருதத்தில் படிகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, கைலாய மலையையும் நினைவூட்டுவது என்று நிறுவனமே சொன்னது. ஒரு விளம்பரக் குழு உட்கார்ந்து யோசித்ததைச் சோளக்காட்டு அம்மா பலாவை நறுக்கிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார்.

மாலையில் அவர்கள் மறுபடி வளைவுகளுக்குப் போனார்கள். இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி. நான் மட்டும் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனேன். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படிகள் இறங்க வேண்டும் என்றார்கள். இறங்கினால் ஏறவும் வேண்டுமே என்று விட்டுவிட்டேன். வரும் வழியில் செம்மேட்டில் வல்வில் ஓரி, வில்லோடு சிலையாக நிற்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலைக்கு அரசர். அவரைக் கொன்றவர் மலையமான் திருமுடிக்காரி. இந்த இருவரைப் பற்றிய ஒரு சின்னத் தகவல் சிறுபாணாற்றுப்படையில் வருகிறது: ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி, காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஆளுக்கும் வாகனத்துக்கும் ஒரே பெயர். படித்த காலத்தில் இதை ஒரு கவிநயம் என்றே நினைத்திருந்தேன். மைத்துனனின் கைபேசியைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அதில் அண்ணனின் பெயர் எகோஸ்போர்ட், டாக்டரின் பெயர் ஃபிராங்க்ஸ். இயற்பெயர்கள் அவனுக்கு உடனே நினைவுக்கு வருவதில்லை.

இரவு தங்கும் விடுதியில் மிளகு ரசம். மின்சாரம் போனது. இருட்டில் மூவரும் தங்கள் முதல் காரைப் பற்றிப் பேசினார்கள். மைத்துனனுக்குப் பக்கத்துத் தெருவில் யாரோ வைத்திருந்த ஆக்டேவியா. ஸ்கோடா 2001இல் இந்தியாவுக்கு அந்த வண்டியோடுதான் வந்தது. இவன் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதன் பின்புறத்துப் பச்சை முத்திரையைத் தொட்டுவிட்டு ஓடுவானாம். இந்த வண்டிக்கு அவன் சொன்ன அத்தனை காரணங்களிலும், ஸ்டீயரிங் கல்லுமாதிரி, டிஎஸ்ஐ இன்ஜின், அஞ்சு ஸ்டார் எல்லாவற்றிலும், இந்த ஒன்றை மட்டும் நான் உடனே நம்பினேன்.

மறுநாள் இறங்கும்போது ஃபிராங்க்ஸில் இருந்தேன். இறக்கத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் என்றார் டாக்டர். இரண்டாம் கியரில் இன்ஜினாலேயே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறி வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு இறங்கினார். மலைச் சாலையில் ஏறுபவருக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. அதைக் கடைப்பிடித்தவர் அன்று அந்த மலையில் அவர் ஒருவர்தான்.

நாமக்கல் வெளிவட்டத்தில் எகோஸ்போர்ட்டின் ஒரு டயர் காற்று இறங்கியிருந்தது. பஞ்சர் கடைக்குப் பக்கத்திலேயே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. கேபின் இல்லாத வெறும் சேசிஸ் வரிசையாக நின்றது; நாமக்கல்லில் அதன்மேல் மரமும் இரும்பும் வைத்துக் கட்டி, கண்ணும் பூவும் எழுதி லாரியாக்குவார்கள். பட்டறையின் மூத்த மேஸ்திரி ஒருவர், கையில் கிரீஸ் துணியோடு வந்து எங்கள் புது வண்டியைப் பார்த்தார். பானெட்டை விரல் முட்டியால் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார்.

"சேசிஸ் கெடையாதுங்களே இதுக்கு."

"மோனோகாக்ங்க. உடம்பே சேசிஸ்" என்றான் மைத்துனன்.

"தெரியுங்க. இடிச்சா தட்டி எடுக்க முடியாது."

தட்டி எடுக்கக் கூடாது, மோதும்போது முன்பகுதி நசுங்கித்தான் விசையை வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே இருப்பவர்களைச் சுற்றியுள்ள கூடு மட்டும் நிற்க வேண்டும் என்று மூவரும் போட்டி போட்டு விளக்கினார்கள். அதுவரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரே கட்சியானார்கள். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. எங்க லாரி உங்களை இடிச்சா உங்க வண்டி நசுங்கும், நீங்க பொழைப்பீங்க. வண்டியை என்ன பண்ணுவீங்க?"

"இன்சூரன்ஸ்" என்றார் டாக்டர்.

"அதுக்குத்தான் இவ்வளவு பாஞ்சாங்களா" என்றபடி அவர் திரும்பிப் போய்விட்டார். அண்ணனின் டயரில் இருந்த ஆணியை எடுத்து வந்த பையன் நூற்றைம்பது ரூபாய் கேட்டான். எகோஸ்போர்ட்டின் முதுகிலிருந்த ஸ்டெப்னியில் கைவைத்து, "இது மாதிரி வெளியே இருந்தாத்தான் நல்லதுண்ணே, லக்கேஜை எறக்க வேண்டியதில்ல" என்றான். அண்ணன் இருநூறு கொடுத்து மீதியை வாங்கவில்லை.

டாக்டர் அங்கிருந்தே சேலத்துக்குப் பிரிந்தார். கிளம்பும்போது மைத்துனனிடம், "வித்துடாதே, பழக்கு" என்றார். அண்ணன் உளுந்தூர்பேட்டையில் சாப்பிட நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் தொடர்ந்தோம். ஞாயிறு மாலை. ஆயுதபூஜை, விஜயதசமி என்று ஊருக்குப் போனவர்கள் அத்தனை பேரும் நகரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் ஓடோமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். திண்டிவனத்தில் 915. மதுராந்தகத்தில் 947. "செங்கல்பட்டு தாண்டி ஒரு நல்ல நீட்டு ரோடு கெடைக்கும் மாமா. அங்க ஒரே ஒரு தடவை, மூணாம் கியர்ல, அஞ்சாயிரம் வரைக்கும். என்ன சத்தம் வருதுன்னு பாருங்க."

பரனூர் சுங்கச்சாவடியில் முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு நீட்டு ரோடு இருந்தது. அதன்மேல் சிவப்பு விளக்குகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தன. மறைமலைநகரில் ஹாரன் கொடுக்க யாரும் இல்லை. வண்டலூர். ஆம்னி பேருந்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கிளட்சை மிதித்து விட்டு மிதித்து மைத்துனனின் இடது முழங்கால் வலியெடுத்திருந்தது. ஆட்டோமேட்டிக் எடுத்திருக்கலாமோ என்று ஒரு முறை முனகினான், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெருங்களத்தூர் பாலத்துக்கு முன்னால் எண்கள் உருண்டு 1000 ஆயின. முதல் கியர். மணிக்கு ஏழு கிலோமீட்டர். எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ.

"மாமா, ஆயிரம்" என்றான்.

"ஆமா" என்றேன்.

ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.